90 ஓட்டு: போராட்டக்காரர்கள் சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாமா?

வாசகர் கேள்வி, மார்ச் 9

மணிப்பூரின் இரோம் ஷர்மிளா, படையினருக்குச் சுடவும் கைது செய்யவும் தனி அதிகாரம் தரும் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி ஏறக்குறைய 16 வருடம் உண்ணாவிரதம் இருந்தார். தேர்தலில் நின்றபோது கிடைத்தது 90 ஓட்டு. நோட்டாவுக்குக்கூட அதைவிட அதிகம். எங்கள் பகுதியில் ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்து வழக்கு நடத்தி வென்ற ஒரு அம்மாவைச் சட்டமன்றத் தேர்தலில் நிறுத்த நாங்கள் சிலர் நினைக்கிறோம். ஷர்மிளா கதையைச் சொல்லித்தான் எல்லாரும் தடுக்கிறார்கள். மக்களுக்கு நன்றி கிடையாது, இதுதானே இதில் தெரிவது?

மார்ச் 9, இரவு

இல்லை. அப்படிப் பார்த்தால் ஷர்மிளாவுக்கும் அநியாயம், அந்தத் தொகுதி மக்களுக்கும் அநியாயம்.

2017 மார்ச், தவுபல் தொகுதி. காங்கிரஸின் ஒக்ரம் இபோபி சிங் 18,649. பா.ஜ.க.வின் பசந்தா சிங் 8,179. நோட்டா 143. ஷர்மிளா 90. இபோபி 2002 முதல் தொடர்ந்து மூன்று முறை முதலமைச்சர். அது அவருடைய தொகுதி. ஷர்மிளாவின் வீடு இம்பால் பக்கம் கொங்பாலில் இருக்கிறது. கட்சி தொடங்கியது 2016 அக்டோபரில், ஓட்டுப்பதிவு 2017 மார்ச் 8. நடுவில் ஐந்து மாதம்தான். மொத்தம் 60 தொகுதி உள்ள மாநிலத்தில் அவர் கட்சி நிறுத்தியது மூன்று பேரை. சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்டார்.

முதலமைச்சரை அவர் தொகுதியிலேயே போய் எதிர்ப்பது பெரிய துணிச்சல். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் தங்கள் தொகுதியிலிருந்து வந்த முதலமைச்சரை இழக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்பதாகவும் அது ஆகிவிடுகிறது. சாலை, வேலை, அலுவலகம் எல்லாம் அந்த ஒரு ஆள் வழியாக வந்த இடம். 90 என்ற எண்ணில் இதெல்லாம் சேர்ந்துதான் இருக்கிறது.

மார்ச் 10, காலை

நேற்று விட்டுப்போன ஒன்று. அந்த நேரத்தில் மணிப்பூர் சமவெளியில் பேச்சு எதைப் பற்றி இருந்தது? 2016 நவம்பர் தொடங்கி நெடுஞ்சாலைகளில் நாகா அமைப்பின் பொருளாதார முற்றுகை. டிசம்பரில் இபோபி அரசு ஏழு புதிய மாவட்டங்களை அறிவித்தது. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் தட்டுப்பாடு. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே யார் பக்கம் யார் என்ற கேள்விதான் வீட்டுக்கு வீடு. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்க வேண்டும் என்ற ஷர்மிளாவின் ஒற்றைக் கோரிக்கை, அந்த மார்ச் மாதத்தில் ஜனங்கள் முதலில் யோசித்த விஷயமாக இல்லை.

ஏரியம்மா விஷயத்திலும் இதைக் கேளுங்கள். அவர் வழக்கை வென்ற வருடம் வேறு, தேர்தல் நடக்கப்போகும் வருடம் வேறு. தேர்தலுக்கு முந்தைய மாதம் உங்கள் தொகுதியில் டீக்கடையில் எதைப் பேசுவார்கள்? ஏரியையா?

மார்ச் 10, மாலை

கீழே ஒருவர், "மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய் மத்தியச் சட்டத்தை எப்படி நீக்குவார்? ஆரம்பமே தப்பு" என்று எழுதியிருக்கிறார். இது அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடிய விஷயம் இல்லை. 1958-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நாடாளுமன்றம் போட்டதுதான். ஆனால் ஒரு பகுதியைப் பதற்றப் பகுதி என்று அறிவித்தால்தான் அங்கே அது செல்லும். மூன்றாவது பிரிவின்படி அந்த அறிவிப்பை ஆளுநர் வெளியிடலாம். 1972 திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசும் வெளியிடலாம். மணிப்பூரில் அதைத் தொடர்ந்து நீட்டித்து வந்தது மாநில அரசு. 2004 ஜூலையில், படையினர் பிடித்துச் சென்ற தங்ஜம் மனோரமா என்ற பெண் கொல்லப்பட்டார். காங்லா கோட்டை வாசலில் தாய்மார்கள் ஆடையில்லாமல் நின்று போராடினார்கள். அடுத்த மாதமே இம்பால் நகரப் பகுதியில் ஏழு சட்டமன்றத் தொகுதிகளுக்கு அந்த அறிவிப்பை மாநில அரசு விலக்கியது. அப்போதும் முதலமைச்சர் இபோபிதான். திரிபுராவில் 2015-இல் மாநில அரசு முடிவெடுத்து, மாநிலம் முழுவதும் விலகியது.

அதனால்தான் ஷர்மிளா முதலமைச்சர் பதவியைப் பற்றிப் பேசினார். குறி சரியானது. ஆனால் முதலமைச்சர் ஆக 31 எம்.எல்.ஏ. வேண்டும். மூன்று வேட்பாளர்களை வைத்து அது நடக்காது என்பது ஓட்டுப் போடுகிறவருக்கும் தெரியும்.

மார்ச் 12

சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் கல்குவாரிக்கு எதிராகப் பல வருடம் நின்ற ஒருவர் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகப் போட்டியிட்டார். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன். பெயரும் ஊரும் வேண்டாம். அவருக்காக நோட்டீஸ் கொடுத்தேன், ஓட்டுப்பதிவு அன்று பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தேன்.

அவருக்குப் பின்னால் ஆள் இல்லாமல் இல்லை. மறியல் என்றால் ஊரே வரும். குவாரி வெடியில் வீடு விரிசல் விட்டவர்கள், கிணறு வற்றியவர்கள், அவர்கள் பிள்ளைகள். ஆனால் அந்தக் கிராமங்கள் தொகுதியின் ஒரு மூலையில் இருந்தன. மீதித் தொகுதிக்குக் குவாரி என்றால் செய்தித்தாளில் வரும் ஒரு சமாச்சாரம். அந்த மூலையிலும் எல்லா ஓட்டும் எங்களுக்கு வராது என்பது பிரசாரத்தில்தான் புரிந்தது. குவாரியில் லாரி ஓட்டுகிறவர் வீடும் அதே தெருவில்தான். அண்ணனைக் கண்டால் எழுந்து நிற்பார், டீ வாங்கிக் கொடுப்பார். ஓட்டு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு அம்மா சொன்னதை இன்றுவரை யோசிக்கிறேன். "குவாரியை நிறுத்தறதுக்கு அவருதான்ப்பா வேணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா நாளைக்கு எம் பையன ஸ்டேஷன்ல உக்கார வெச்சா யாரு போன் போடுவா? அவரு போன் போட்டா அவரையும் சேத்துல்ல உக்கார வெப்பாங்க?"

இதில் நன்றிகெட்டதனம் எங்கே இருக்கிறது? எம்.எல்.ஏ. என்றால் அவருக்கு என்ன வேலை என்று அந்த அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. முதியோர் பென்ஷன், பட்டா, சாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை, ஸ்டேஷனில் ஒரு போன். இதையெல்லாம் வருடம் முழுக்கச் செய்து தருகிறவர் கட்சியின் கிளைச் செயலாளர். அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல முடியாது. எங்கள் அண்ணன் அந்தச் சின்ன வேலைகளில் கை வைத்ததே இல்லை. நேரமும் இல்லை. நீதிமன்றத்துக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலையவே வாழ்க்கை சரியாக இருந்தது.

மார்ச் 12, பின்னிரவு

சின்னம் பற்றிச் சொல்லாமல் தூக்கம் வராது. சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகு. தமிழ்நாட்டில் 2021-இல் வாபஸுக்குக் கடைசி நாள் மார்ச் 22, ஓட்டுப்பதிவு ஏப்ரல் 6. சுமார் இரண்டு வாரம். அதற்குள் ஒரு புதுப் படத்தைத் தொகுதி முழுக்க மனதில் பதிய வைக்க வேண்டும். எதிரே இருப்பது குழந்தைகூட அடையாளம் சொல்லும் சின்னங்கள். எங்கள் முதல் நோட்டீஸில் சின்னம் இருக்க வேண்டிய இடம் காலி. சின்னம் கிடைத்த பிறகு திரும்ப அச்சடிக்கப் பணம் புரட்டினோம். பிரசாரத்தில் பாதி நேரம் குவாரியைப் பற்றிப் பேசவே இல்லை. மெஷினில் எந்தப் பொத்தான் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதிலும் சுயேச்சைகளின் பெயர் கடைசியில் வரும். அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு மட்டும் செய்த கட்சிகள் அடுத்து, அப்புறம்தான் சுயேச்சைகள்.

மார்ச் 13

கட்டுத்தொகை, அதாவது டெபாசிட் பற்றிக் கேட்டவருக்கு: சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் தோற்றாலும் திரும்ப வரும். தவுபலில் அது ஏறக்குறைய 4,500 ஓட்டு.

மார்ச் 15

"ஜெயிக்க முடியாதென்றால் நிற்பதே வீண்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஈரோட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1996 மொடக்குறிச்சி ஞாபகம் இருக்கிறதா? விவசாயிகள் தங்கள் கோரிக்கையை அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டி வந்தது, தேர்தலே தள்ளிப்போனது. வென்றவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். விவசாயிகளில் யாரும் எம்.எல்.ஏ. ஆக நிற்கவில்லை, நாடு திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்தது.

அதன் விலையை அடுத்து வந்தவர்கள் கொடுத்தார்கள். அப்போது சட்டமன்றக் கட்டுத்தொகை வெறும் 250 ரூபாய். அதே வருடம் சட்டத்தைத் திருத்தி 5,000 ஆக்கினார்கள். சுயேச்சையை முன்மொழிய 10 வாக்காளர் வேண்டும் என்றும் ஆனது. பிறகு 2009 திருத்தத்தில் 10,000. எங்கள் அண்ணன் கையெழுத்துக்கு ஆள் தேடிய நாட்களில் எனக்கு மொடக்குறிச்சிதான் நினைவுக்கு வந்தது.

டிராஃபிக் ராமசாமி 2015 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் ஜெயலலிதாவை எதிர்த்து நின்றார். 4,590 ஓட்டு. ஜெயலலிதாவுக்கு 1,60,432. கட்டுத்தொகை போனது. சட்டவிரோத பேனர்களை எதிர்த்து வாழ்நாளெல்லாம் வழக்குப் போட்டவர், அந்த பேனர்களில் இருந்தவரையே எதிர்த்து மனுப் போட்டார். முடிவு தெரிந்த போட்டி. தி.மு.க. போட்டியிடாத நிலையில் அவர் நின்றது ஜனநாயகத்துக்குச் செய்த உபகாரம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆக, ஏரியம்மா எதற்காக நிற்கிறார்? ஜெயிக்கவா, ஏரி விஷயத்தை மற்ற வேட்பாளர்கள் வாயிலும் வரவழைக்கவா? இதை முதலில் நீங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாவிட்டால், முடிவு வரும் அன்று அந்த அம்மாதான் உடைந்து போவார். எங்கள் அண்ணனுக்கு அதுதான் நடந்தது. ஜெயிக்கவே நிற்கிறோம் என்று மேடையில் பேசிப் பேசி நாங்களே அவரை நம்ப வைத்துவிட்டோம்.

மார்ச் 18

"போராட்டக்காரர்கள் ஜெயித்ததே இல்லையா?" உண்டு. அகில் கோகோய், அசாம், 2021, சிப்சாகர் தொகுதி. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்ததற்காகச் சிறையில் இருந்துகொண்டே நின்றார். வயதான தாய் வீதியில் ஓட்டுக் கேட்டார். 11,875 ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. சிறையில் இருந்த அனுதாபம் மட்டும் இதைச் செய்யவில்லை. அவருடைய விவசாயிகள் அமைப்பு 2005-இலிருந்து கிராமங்களில் வேலை செய்துகொண்டிருந்தது. உறுப்பினர் பட்டியலும், ஊர் ஊராகக் கூட்டம் போடும் ஆட்களும் தேர்தலுக்கு முன்பே இருந்தார்கள். ஷர்மிளாவுக்கு அது அமையவே வழியில்லை. ஆஸ்பத்திரி அறையில் மூக்கில் குழாயோடு காவலில் இருந்தவர் எந்த ஊரில் போய்க் கிளை அமைப்பார்?

இன்னொரு பாதை, கேரளத்தில் பழங்குடிகளின் நிலத்துக்காகப் போராடிய சி.கே. ஜானு. 2001-இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் குடிசை போட்டுப் போராடியவர், 2003 முத்தங்கா காட்டு நிலப் போராட்டத்தில் போலீசிடம் அடிபட்டவர். 2016-இல் சுல்தான் பத்தேரியில் தேசிய ஜனநாயகக் கூட்டணியின் வேட்பாளர். 27,000-க்கும் மேல் ஓட்டு, மூன்றாவது இடம். எண்ணிக்கையில் 90 எங்கே, இது எங்கே. ஆனால் அந்தக் கூட்டணிக்குப் போனதற்காகக் கூட நின்ற பலரே அவரைக் கேள்வி கேட்டார்கள். ஓட்டு வந்தது, நிலம் வரவில்லை, தோழர்களும் குறைந்தார்கள். பெரிய கட்சி உங்களைத் தேடி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரியம்மாவைத் தேடி வரத்தான் செய்வார்கள்.

மார்ச் 18, சற்று நேரம் கழித்து

கூடங்குளத்தை எழுதாமல் எப்படி. அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமாரன் 2016-இல் ராதாபுரத்தில் நின்று தோற்றார். அணு உலை இருப்பதே அந்தத் தொகுதியில்தான். இடிந்தகரையில் மாதக்கணக்கில் ஜனங்கள் பந்தலில் உட்கார்ந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆனால் ராதாபுரம் தொகுதி இடிந்தகரையோடு முடிவதில்லை. கடற்கரை ஊர்களை விட்டு உள்ளே வந்தால் வேறு சாதி, வேறு கட்சி, வேறு கவலை. எங்கள் குவாரி மூலைக்கு நடந்ததுதான் அங்கேயும் பெரிய அளவில் நடந்தது என்பது என் கருத்து.

அதே தொகுதியில் அன்று அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590, தி.மு.க.வின் அப்பாவு 69,541. வெறும் 49 ஓட்டு. தபால் ஓட்டையும் கடைசி மூன்று சுற்றையும் திரும்ப எண்ண 2019-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணினார்கள், முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இப்படி நூலிழையில் முடியும் தொகுதியில் சிறிய வேட்பாளரைப் பார்த்து, "நீ ஓட்டைப் பிரித்தாய்" என்பார்கள். அதைக் கேட்டுக் கூசாதீர்கள். ஓட்டு எந்தக் கட்சிக்கும் பட்டா போட்ட நிலம் இல்லை.

மார்ச் 19

ஒருவர் கேட்டதற்குப் பதில்: ஆமாம், முதலில் வார்டு கவுன்சிலர், ஊராட்சித் தலைவர், அப்புறம் சட்டமன்றம் என்பதுதான் என் முதல் யோசனையாகவும் இருந்தது. ஒரு வார்டில் உங்கள் ஏரிக்கரை வீடுகளே வெற்றியைத் தீர்மானிக்கும். பென்ஷன், தண்ணீர், தெருவிளக்கு மாதிரியான சின்ன வேலைகளை ஏரியம்மா அங்கே கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் இன்று காலையிலிருந்து வேறு மாதிரி ஓடுகிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், ஊரகத்தில் பெரும்பகுதிக்கு 2019 டிசம்பரில் நடந்தது. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. இதை நம்பிக் காத்திருந்தவர் என்ன செய்வார்? சட்டமன்றத் தேர்தலுக்கு மட்டும்தான் தேதி தவறாது. அதனால் "முதலில் உள்ளாட்சி" என்று உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எது முதலில் வருகிறதோ அதற்குத் தயாராகுங்கள்.

மார்ச் 22

"தோற்றதும் மாநிலத்தை விட்டே ஓடிப்போனவர்" என்று ஷர்மிளாவைப் பற்றி எழுதியவருக்கு.

2000 நவம்பர் 2, மாலோம் பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேரை அசாம் ரைபிள்ஸ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். சில நாளில் உண்ணாவிரதம் தொடங்கியபோது அவருக்கு வயது 28. தற்கொலை முயற்சி என்று வழக்கு. வருடா வருடம் விடுதலை, உடனே மறுபடியும் கைது. 2016 ஆகஸ்ட் 9 அன்று நிறுத்தினார். அன்று இரவு தங்க அவருக்கு ஊரில் இடம் கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் ஆஸ்பத்திரிக்கே திரும்பினார். இத்தனை வருடம் கூட நின்றவர்களில் பலர் உண்ணாவிரதம் முடிந்ததையே ஏற்கவில்லை. சாகாமல் உயிரோடு இருந்து ஓட்டுக் கேட்டதும், ஒருவரைக் காதலித்ததும் குற்றமாகப் பேசப்பட்டன. அந்த நிலையில் ஒரு பெண் மனுத் தாக்கல் செய்து சைக்கிளில் வீடு வீடாகப் போனார். இனித் தேர்தல் பக்கம் வரமாட்டேன் என்று முடிவுக்குப் பிறகு சொன்னார், சொன்னபடி இருந்தார். அதே வருடம் ஆகஸ்டில் நம் கொடைக்கானலில் பதிவுத் திருமணம். அதற்கும் இங்கே சிலர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். ஓடிப்போனார் என்கிறீர்கள். அவர் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

மணிப்பூரில் 2022 ஏப்ரலில் 15 காவல் நிலையப் பகுதிகளில் அந்தச் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. 2023 கலவரத்துக்குப் பிறகு அவற்றில் சில பகுதிகளில் மறுபடியும் வந்தது. இந்த விவகாரம் 90 ஓட்டோடு தீர்ந்துவிடவில்லை.

மார்ச் 24

நீங்கள் திரும்ப எழுதியதைப் படித்தேன். ஏரியம்மா நிற்பதாகவே முடிவு என்றால் சந்தோஷம். எனக்கு இன்னும் பயம் உண்டு. இருந்தாலும் நோட்டீஸ் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் வருகிறேன்.

பூத் ஏஜெண்ட் கணக்கை மட்டும் இப்போதே தொடங்குங்கள். ஒரு தொகுதியில் 250, 300 சாவடி சாதாரணம். எல்லாவற்றுக்கும் ஆள் போட உங்களால் முடியாது. ஏரியைச் சுற்றியுள்ள சாவடிகளைக் குறியுங்கள், அவற்றில் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது. மாதிரி வாக்குப்பதிவு, ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே நடக்கும், அதற்குள் அவர்கள் உள்ளே இருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருந்த சாவடியில் பெரிய கட்சி ஏஜெண்டுகளுக்குச் சாப்பாடு பொட்டலம் வந்தது, எனக்கு வரவில்லை. அவர்களில் ஒருவர்தான் பாதியைப் பிரித்துக் கொடுத்தார். உங்கள் ஆட்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். மாலையில் சாவடி அதிகாரி தரும், பதிவான ஓட்டுக் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது. எண்ணும் அன்று மெஷினில் வரும் மொத்தத்தை அதனோடுதான் ஒப்பிட வேண்டும்.

மார்ச் 26

விட்டுப்போனது: முன்மொழியும் 10 பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஏரிக்காகக் கூடப் போராடியவர் என்று பக்கத்துத் தொகுதிக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள், மனு தள்ளுபடி ஆகும். வாக்காளர் பட்டியலில் அவர்கள் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் இப்போதே எழுதி வையுங்கள். வேட்பாளர் 26-ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்தில் போராட்ட வழக்குகள் அத்தனையையும் காட்டியாக வேண்டும். அந்த அம்மா மேல் எந்தெந்த ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். இருக்கிறது என்று வக்கீலை வைத்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.